கரிசற் சொற்கோப்புகளுக்கு ஒரு பட்டியல்

இடைசெவல் ஈன்ற எழுத்தாளர் கி. ராஜநாராயணன், கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை 1982ஆம் ஆண்டில் வெளியிட்டார். மக்கள் நாவில் மட்டுமே வாழ்ந்த சொற்கள் அதனால் அகரவரிசையில் நின்றன. ஒரு சொல் தொகுப்பில் உண்டா, இல்லையா என்பதை நொடியில் காட்டுவது அவ்வரிசையே.

இன்று கோவில்பட்டியைச் சூழ்ந்த சிற்றூர்களுக்குச் செல்லும் மாணவர் ஒருவர், முதியோர் வாய்மொழியைக் கைபேசியில் பதிந்து வருகிறார் எனக் கொள்வோம். கமலை, கூனை, குலுக்கை எனச் சொல்லுக்கு ஒரு கோப்பு. முந்நூறு கோப்புகள் சேர்ந்தபின் பெயர்களைக் கையால் எழுதுவது வீண் உழைப்பு, பிழையும் புகும். கணிப்பொறியே எழுதித் தரும்.

விண்டோஸில் அக்கோப்புறையைத் திறந்து, முகவரிப் பட்டையில் ‘சிஎம்டி’ எனத் தட்டி நுழைவு விசையை அழுத்துக. கரிய திரை தோன்றும். அதில் இவ்வாணையை இடுக (எழுத்துகள் யாவும் ஆங்கிலத்தில்):

டிஐஆர் /பி > பட்டியல்.டிஎக்ஸ்டி

‘/பி’ என்பது நாள், அளவு முதலியவற்றை விலக்கிப் பெயரை மட்டும் தரும். ‘>’ குறி, திரைக்குச் செல்ல வேண்டியதைக் கோப்புக்குத் திருப்பும். கம்மாய்த் தண்ணீரை மடை மாற்றுவது போல. யூனிக்ஸில் முன்னரே இருந்த இவ்வசதி, 1983இல் டாஸ் இரண்டாம் பதிப்பின் வழியே சிறு கணிப்பொறிகளுக்கும் வந்தது. அதே பெயரில் பழைய பட்டியல் இருந்தால் ‘>’ அதனை அழித்துவிடும். ‘>>’ இட்டால் அதன் அடியில் தொடரும். பட்டியற்கோப்பின் பெயரும் பட்டியலில் இடம்பெறும், அவ்வரியை நீக்கிவிடலாம்.

தமிழ் மாணவர்க்கு உண்மையான இடர் இனித்தான். கோப்புகளின் பெயர்கள் தமிழில் இருந்தால், பட்டியலில் வெறும் கேள்விக்குறிகள் நிற்கக்கூடும். ஒருங்குறியில் தமிழுக்கு 1991 முதலே இடமுண்டு. விண்டோஸும் பெயர்களை அம்முறையிலேயே காக்கிறது. ஆயினும் கரிய திரை, தமிழெழுத்தே இல்லாத பழைய குறிமுறையில் எழுதிவிடுகிறது. ஆகவே முதலில் ‘சிஎச்சிபி 65001’ என்று இட்டு, அதன்பின் மேற்கண்ட ஆணையை இடுக. திரையில் கட்டங்கள் தெரிந்தாலும் கவலையில்லை. நோட்பேடில் திறந்தால் தமிழ் தெரியும். திறந்து பார்க்காமல் பட்டியலைச் சேமித்து வைப்பது பேதைமை. கேள்விக்குறியான பெயரை அப்பட்டியலிலிருந்து மீட்க வழியே இல்லை.

ஒருங்குறியின் எண்வரிசையில் ‘ன’ என்பது ‘ந’வை அடுத்தே நிற்கும், நம் நெடுங்கணக்கில் அதுவே இறுதி. அவ்வரிசையில் அடுக்கிய பட்டியலை அகராதிக்குக் கொள்வோர் இதனைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

சென்ற ஆண்டுப் பட்டியலை இவ்வாண்டுப் பட்டியலோடு ஒப்பிட்டால், எப்பதிவு தவறிப்போயிற்று என்பது புலப்படும். சொன்ன பாட்டி உயிரோடு இருக்கையிலேயே அது புலப்பட்டால் மீண்டும் சென்று கேட்கலாம்.

ஊர்தோறும் தனிக் கோப்புறை வைத்திருப்போர் ‘/பி’யுடன் ‘/எஸ்’ஸும் சேர்க்க, ஒவ்வொரு பெயரும் தன் கோப்புறைப் பாதையோடு வரும். கழுகுமலையிலும் எட்டயபுரத்திலும் ஒரே சொல் பதிவாகியிருப்பின், இரண்டும் தத்தம் ஊர்ப்பெயரோடு இரு வரிகளாக நிற்கும்.