சுண்ணாம்புக் கல்லுக்குள் ஒரு கடல்

சுண்ணாம்பு என்றதும் நம் நினைவுக்கு வருபவை வெற்றிலையும் சிமெண்டும்தான். அந்தக் கல்லுக்குள் நண்டு, இறால் ஆகியவற்றின் உறவினங்களும் உறங்குகின்றன என்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

நண்டும் இறாலும் ஓட்டுடலிகள் என்னும் பிரிவைச் சேர்ந்தவை. நம் ஜொகூர்க் கடலோரத்தில் கிடைக்கும் பெலாங்காஸ் பார்வைக்கு நண்டு போன்றது. ஆனால் சிலந்திக்கே நெருங்கிய உறவு. ஆகவே அதை இப்பட்டியலில் சேர்க்கலாகாது.

இறால் கல்லாவது அரிது. அதன் மெல்லிய ஓடு விரைவில் சிதைந்துவிடும். ஆனால் ஜெர்மனியின் சோல்ன்ஹோபன் சுண்ணாம்புக்கல்லில் 15 கோடி ஆண்டுகளுக்கு முந்திய இறால்கள் மீசை கலையாமல் கிடைக்கின்றன. காரணம் என்ன? உப்பு மிகுந்து உயிர்வளி குறைந்த கடற்கழியின் அடியில், நுண்ணிய சுண்ணச் சேறு அவற்றை மூடிக் காத்தது.

தமிழ்நாட்டின் அரியலூருக்கு வருவோம். செனாயில் பிறந்த எனக்கு அது அந்நிய ஊரன்று. என் பாட்டனார் அங்கிருந்து கப்பலேறியவர். டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்தில் அவ்வூர் கடலுக்கடியில் இருந்தது. ஹென்றி பிளான்போர்டு என்னும் நிலவியலாளர் அப்பகுதிப் பாறைகளை விரிவாக ஆராய்ந்து 1862இல் வெளியிட்டார்.

அரியலூர்ப் படிவுகளில் ஆஸ்ட்ரகோடு என்னும் ஓட்டுடலியின் எச்சங்கள் உள்ளன. பெரும்பாலானவை எள்ளைவிடச் சிறியவை. சிப்பிபோல் இரண்டு சுண்ண ஓடுகள் கொண்டவை. முழு வளர்ச்சி அடையுமுன் இவை சுமார் எட்டு முறை ஓட்டைக் கழற்றுகின்றன. ஆகவே ஓர் உயிரே பல எச்சங்களை விட்டுச் செல்லக்கூடும். ஆழத்திற்கும் உப்பின் அளவிற்கும் ஏற்ப இனங்கள் மாறுவதால், பழைய கடலின் இயல்பை இவை சொல்லிவிடுகின்றன.

ஆனால் அதே சுண்ணாம்புக்கல்தான் சிமெண்டுக்கும் மூலப்பொருள். ஏறக்குறைய 1450 பாகை செல்சியஸ் சூளையில் எந்த எச்சமும் மிஞ்சாது. தொழிலும் வேண்டும், பல குடும்பங்களின் அடுப்பு அதனால்தான் எரிகிறது. எனினும், தோண்டுமுன் மாதிரி எடுத்து, எந்த இடம், எந்த அடுக்கு என்று குறித்து வைப்பது அத்தனை கடினமா? அந்தக் குறிப்பு இல்லாத கல் வெறும் அலங்காரப் பொருள். குறிப்போடு கூடிய கல்லே வரலாற்றுச் சான்று.

மொழியின் தொன்மையைப் பேசி மகிழும் நாம், நம் முன்னோர் நடந்த மண்ணின் தொன்மையையும் அறிந்துகொள்வோம், காப்போம்.