பூனையின் தவமும் தலையணை உறையும்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கோட்டை இன்னும் நிற்கிறது. துணி வாங்கிப்போக வந்தவர்கள் கட்டியது. சோழமண்டலக் கரையின் சாயத்துணி ஐரோப்பிய வீடுகளில் கட்டில் விரிப்பாகவும் சுவர்த் தொங்கலாகவும் ஆனது. தங்கள் ஊர் நெசவு படுத்துவிடும் என்று பிரான்ஸ் 1686-இல் அதற்குத் தடை போட்டது. வீட்டு அலங்காரத் துணிக்கு டிசைன் வரைய நினைக்கும் செங்கல்பட்டுப் பிள்ளைகளே, இதைத் தெரிந்துகொண்டே பென்சிலை எடுங்கள்.

ஒற்றை டிசைனை விற்பது கடினம். விரிப்பு, தலையணை உறை, ஸ்கிரீன் எல்லாம் ஒரே அறையில் ஒட்டுறவாக இருக்கவேண்டுமே! முதல் தொகுப்புக்கு நான்கு போதும்: கண்ணை இழுக்கும் பெரியது ஒன்று, நடுத்தரம் இரண்டு, தள்ளி நின்றால் வெறும் நிறமாகத் தெரியும் பொடிசு ஒன்று. நிறம் ஆறைத் தாண்டவேண்டாம்.

மாமல்லபுரத்தின் கடற்கரைக் கோயிலை எல்லோரும் வரைந்தாயிற்று. அர்ச்சுனன் தபசுப் பாறை முன் அரைமணி நேரம் உட்காருங்கள். பெரிய யானையின் அருகே, கைகளைத் தூக்கித் தவம் நிற்கிறது ஒரு பூனை. காலடியில் எலிகள். பூனையைப் பெரிய டிசைனாக்கினால் எலிகள் இரண்டாவது. காயப்போட்ட வலையின் கண்ணி மூன்றாவது. பொடிசுக்கு ஈரமணலில் நண்டு உருட்டிப் போட்ட மணல் உருண்டைகள். எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

புதியவர்கள் சறுக்குவது, ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப அடுக்கும் ரிப்பீட்டில். தனித்துண்டு அழகாக இருக்கும். அடுக்கினால் காலியிடம் கோடாக ஓடும். பக்கத்து நெடுவரிசையைப் பாதி உயரம் இறக்கும் ஹாஃப் டிராப் அதை உடைக்கும். ஒன்பது பிரதி எடுத்துச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். ரோட்டரி ஸ்கிரீன் என்ற அச்சு உருளையில் அச்சாவதானால் உருளையின் சுற்றளவு பெரும்பாலும் 64 செ.மீ.; ரிப்பீட் உயரம் அதுவாகவோ, அதை மீதியின்றி வகுப்பதாகவோ இருக்கட்டும்.

இன்ஸ்டாகிராமில் போடும் கையை மட்டும் அடக்குங்கள். 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி, விண்ணப்பிக்கும் முன்பே வெளியான டிசைன் பதிவாகாது. பதிந்தால் 10 ஆண்டு பாதுகாப்பு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். பதியாமல் விட்டு, துணியில் 50 தடவைக்கு மேல் அச்சானால் பதிப்புரிமையும் கைநழுவிவிடும்.

விலை பேசும்போது நான்கையும் சேர்த்தே கொடுங்கள். பூனையை மட்டும் கேட்பார்கள். நண்டு உருண்டை இல்லாமல் அது அறையில் தனியாகத்தான் நிற்கும் என்று விரித்துக் காட்டுங்கள்.