வீட்டில் யாருக்கும் இல்லாத நோய்: பயப்படுவதற்கு முன் செய்ய வேண்டியவை

"நம்ம குடும்பத்துல யாருக்குமே இல்ல. ஆனா எனக்கு வந்துட்டா?" 2021-ல் எஸ்.எம்.ஏ. என்ற தசைச் சிதைவு நோய் வந்த குழந்தைகளின் 16 கோடி ரூபாய் ஊசிக்காகப் பலரும் பணம் திரட்டியதைப் பார்த்ததிலிருந்து, கல்யாணம் நிச்சயமான பெண்களும் நாள் தள்ளிப்போன பெண்களும் இதைக் கேட்கிறார்கள். தங்கச்சி, நீயும் முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள். இந்தப் பயம் உனக்காகவா, பிறக்கப்போகும் குழந்தைக்காகவா?

உனக்காக என்றால், பெரும்பாலும் மனசை விட்டுத் தள்ளிவிடலாம். ஹன்டிங்டன் மாதிரி நடுவயதில் தலைகாட்டும் நோய்கள் பொதுவாக அப்பாவிடமோ அம்மாவிடமோ இருந்து நேராக இறங்கி வருபவை. தூக்கத்தையே பறிக்கும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. அதுவும் உலகம் முழுக்க மிகச் சில குடும்பங்களில்தான் இருக்கிறது. பெற்றவர்கள் அறுபதைத் தாண்டி நன்றாக நடமாடும்போது, நாலு நாள் தூக்கம் வரவில்லை, கை நடுங்குகிறது என்று நடுராத்திரியில் போனில் நோய்ப் பெயர்களைத் தேடாதே. தாம்பரத்தில் ஒரு டாக்டரைப் பார்த்து முதலில் தைராய்டும் பி12-ம் பார்த்துக்கொள்.

குழந்தைக்காக என்றால் கணக்கு வேறு. எஸ்.எம்.ஏ., தலசீமியா போன்றவற்றில் ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானால்தான் நோய் வரும். ஒன்று மட்டும் பழுது என்றால் உனக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் நீ அதைச் சுமப்பவள். எஸ்.எம்.ஏ.வைச் சுமப்பவர் சுமார் 50 பேரில் ஒருவர். முடிச்சூர் பஸ் நிறைந்து வந்தால் அதில் ஒருவர் இருக்கக்கூடும், அவருக்கே தெரியாமல். கணவனும் மனைவியும் ஒரே பழுதைச் சுமந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீத ஆபத்து. ஏழு தலைமுறையாக யாருக்கும் வராமல் இருந்துவிட்டு, உன் வீட்டில் முதல்முறையாக வரலாம்.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட கல்யாணங்கள் சொந்தத்திலேயே நடக்கின்றன. அங்கே இருவரும் ஒரே பழுதைச் சுமக்க வாய்ப்பு அதிகம். "நாங்க அசல்லதான் எடுத்தோம்" என்பதாலும் முழு நிம்மதி கிடையாது. ஒரே சாதிக்குள் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து எடுத்தால் ஒரே பழுது பலரிடமும் பரவியிருக்கும். ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு மையத்தின் குமாரசாமி தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரெய்க்கும் இடம்பெற்ற 2017 ஆய்வு, தெற்காசியாவின் 263 குழுக்களில் 81-ல் இதற்கான வலுவான தடயத்தைக் கண்டது. உதாரணமாக, வைசியர் வீடுகளில் சிலருக்கு, ஆபரேஷனில் தசை தளரக் கொடுக்கும் ஸ்கோலின் மருந்து சில நிமிடங்களில் அடங்காமல் மணிக்கணக்கில் நீடிக்கும். மேஜையில் படுக்கும்வரை அது யாருக்கும் தெரியாது. அந்த வீட்டுப் பெண் என்றால் மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

அடுத்த வேலைக்குக் காசு வேண்டாம். பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுக் குடும்ப மரம் வரை: ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்தில் கட்டியவர்களுக்கு நடுவே இரட்டைக் கோடு. மூன்று தலைமுறை போதும். "பரம்பரை வியாதி இருக்கா?" என்று மட்டும் கேட்காதே, "சேச்சே" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். பெரியம்மா சும்மா உட்கார்ந்திருக்கும்போது இப்படிக் கேள்: "கழுத்து நிக்காத குழந்தை யாருக்காவது பொறந்துச்சா? கைக்குழந்தையிலயே தவறினது உண்டா? வலிப்பு, காது கேக்காதவங்க? பையன்கள் மட்டும் ஏழெட்டு வயசுல நடை தளர்ந்தாங்களா?" அப்போதுதான் "உங்க அத்தைக்கு மூத்தது ஒண்ணு இருந்துச்சு..." என்று ஆரம்பிப்பார்கள். பெயர் வைக்கும் முன்பே போன குழந்தைகள் நம் வீட்டுக் கணக்கில் வருவதே இல்லை. அவர்களுக்கும் தாளில் இடம் கொடு. மாமியார் வீட்டுப் பக்கமும் இதேபோல் வரைய வேண்டும்.

அந்தத் தாளோடு மரபியல் மருத்துவரிடம் போ. தாம்பரத்தில் எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறினால் எழும்பூர். அங்குள்ள அரசு குழந்தைகள் நல மருத்துவமனை, அரிய நோய்களுக்கான மத்திய அரசின் சிறப்பு மையங்களில் ஒன்று. போரூர் ராமச்சந்திராவிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் மரபியல் துறை இருக்கிறது. ஆன்லைனில் டிஎன்ஏ கிட் வாங்கித் தனியாகப் படித்துப் பார்க்காதே. "என்னவென்று சொல்ல முடியாத மாற்றம்" என்று ஒரு வரி வந்தால் அது உன்னைப் பல மாதம் அலைக்கழிக்கும். தலசீமியாவுக்குச் சாதாரண ரத்த எண்ணிக்கையிலும் ஹீமோகுளோபின் பரிசோதனையிலுமே தொடங்கலாம். பெரிய பரிசோதனை என்றால் முதலில் ஒருவருக்குச் செய்தால் போதும். அவரிடம் பழுது இருந்தால் மட்டும் மற்றவருக்கு.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். டூஷேன் தசைச் சிதைவு வந்த பையன்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது அம்மாவிடமிருந்து வந்ததே அல்ல, புதிதாக உண்டான மாற்றம். அம்மாவிடமிருந்தே வந்திருந்தாலும் அதை அவள் தேர்ந்தெடுக்கவில்லை. "உன் பக்கத்து வியாதி" என்று மருமகளைப் பேசும் வீட்டில், ரிப்போர்ட்டை டாக்டர் வாயாலேயே எல்லோருக்கும் சொல்லவை.

இதெல்லாம் கல்யாணத்துக்கு முன்போ குழந்தைக்குத் திட்டமிடும்போதோ நடந்தால் நல்லது. ஏற்கெனவே நாள் தள்ளிப்போயிருந்தால் இந்த வாரமே போ. இருவரிடமும் ஒரே பழுது தெரிந்தால், 11 வாரத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடியிலிருந்து சிறு துணுக்கு எடுத்துக் குழந்தையையும் பார்க்க முடியும். அதற்குள் உங்கள் இருவரின் ரிப்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும்.