வண்டிக்குப் பட்டி பார்க்கிறீர்களா? தேய்க்க எது வாங்கலாம்

கடலூர் உப்புக்காற்றும் ஐப்பசி, கார்த்திகை மழையும் சேர்ந்தால் குறிஞ்சிப்பாடிப் பக்கத்து வண்டிகளுக்குத் துரு நிச்சயம். பட்டறைக்கு விடும் அளவுக்கு இல்லாத சின்ன நசுங்கலையும் துருவையும் வீட்டிலேயே சரிசெய்ய நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்.

1. மெஷினைவிடத் தாள்தான் முக்கியம். உப்புத்தாளின் பின்பக்கம் எண் இருக்கும். எண் கூடக் கூட நயம். துருவுக்கும் பட்டியை முதலில் இழைக்கவும் 80. பிறகு 120, 180, 240. பிரைமர்மேல் 400, கலருக்கு முன் 600. 80-லிருந்து நேரே 400-க்குத் தாவினால் அப்போதைக்கு வழுவழுப்பாகத்தான் தெரியும். பெயிண்ட் காய்ந்து இறுகியதும் கோடுகள் மேலே வந்துவிடும்.

2. தாளோடு ரப்பர் பிளாக்கும் வாங்குங்கள். வெறும் விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் பட்ட இடமெல்லாம் பள்ளம். கதவுக்கு அந்தச் சின்ன பிளாக்கும் போதாது. ஒரு அடி நீள ரீப்பர் கட்டை, கோணல் இல்லாததாகப் பார்த்துத் தாளை ஒட்டிக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாகத் தேயுங்கள். மட்கார்டு வளைவுக்கு ஸ்பாஞ்ச் பிளாக்.

3. பட்டி சமமாகிவிட்டதா என்று கண்ணை நம்பாதீர்கள். கறுப்பு ஸ்ப்ரே பெயிண்டை மேலே மெல்லியதாகத் தூவி, காய்ந்ததும் பிளாக்கால் தேயுங்கள். கறுப்பு போகாத இடம் பள்ளம். சட்டென்று வெளுக்கும் இடம் மேடு. பள்ளத்தில் கொஞ்சம் பட்டி வைத்து மறுபடி தேய்க்க வேண்டியதுதான். பட்டறைக்காரர்கள் உள்ளங்கையால் தடவியே சொல்லிவிடுவார்கள். நமக்கு அந்தக் கை வர நாளாகும்.

4. வீட்டில் 4 அங்குல கிரைண்டர் இருக்கிறதே என்று எடுக்காதீர்கள். நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் ஓடும் அது, மெல்லிய தகட்டைச் சூடாக்கி நெளித்துவிடும். கேட், கிரில் வேலைக்கு அது சரி. பிளாஸ்டிக் பம்பர் அருகே கொண்டுபோகவே வேண்டாம்.

5. மெஷின்தான் வேண்டுமென்றால் 5 அங்குல எலெக்ட்ரிக் ஆர்பிட்டல் சாண்டர் போதும். வெல்க்ரோ தட்டு, தூசிப் பை, வேகம் குறைக்கும் திருகு மூன்றும் இருக்கட்டும்.

6. காற்றில் ஓடும் சாண்டர் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதற்குக் காற்று விடாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். பஞ்சர் கடை அளவு சின்னக் கம்பிரசர் சிறிது நேரத்தில் திணறிவிடும்.

7. பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்காதீர்கள். அது ஈரத்தை உறிஞ்சும், பின்னால் பெயிண்ட் கொப்பளிக்கும். வாட்டர் பேப்பரும் பக்கெட் தண்ணீரும் பிரைமருக்குப் பிறகுதான். தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பு விட்டால் தாள் அடைக்காது. தாள் எண் மாறும்போது தண்ணீரையும் மாற்றுங்கள். எலெக்ட்ரிக் மெஷினோடு தண்ணீர் கூடவே கூடாது.

8. தகடு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்தால் அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். ஒரு ராத்திரி விட்டால் துரு திரும்பிவிடும். துடைக்க, நன்றாகத் துவைத்துப் பழகிய கைத்தறி லுங்கித் துணி அருமை; நம் ஊரில் அதற்கா பஞ்சம்!

9. என்95 முகக்கவசம் கட்டாயம். பழைய பெயிண்ட் தூசியில் ஈயம் இருக்கலாம். பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள்.

10. துருவைத் தேய்க்கும்போதே தகடு ஓட்டை விழுந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அதன்மேல் பட்டி நிற்காது. வெட்டி வெல்டிங் வைக்கும் டிங்கரிங் பட்டறை வேலை அது.