தோட்டத்தில் எத்தனை பட்டதாரிகள்? நாமே கணக்கெடுக்கும் முறை

கேகாலையிலிருந்து புளத்கொஹுபிட்டிய வழியாக வரும் வீதி, அவிசாவளை–ஹட்டன் வீதியைத் தொடும் இடம் கரவனெல்ல. சுற்றிலும் றப்பர் தோட்டங்கள். அங்கே பட்டமும் அதற்கு மேலும் படித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஒரு பிரதேசத்தின் தொழிற்படை எப்படிப்பட்டது என்று அறிய உலகின் பல நாடுகள் பார்க்கும் எண் இது. நம்மிடம் அது கைவசம் இல்லை. 2012 தொகைமதிப்பின் கல்வி அட்டவணையில் ‘பட்டமும் அதற்கு மேலும்’ என்று ஒரே கட்டம்தான் உண்டு. இளமாணியும் கலாநிதியும் அதற்குள் ஒன்றாகக் கிடக்கிறார்கள். ஆகவே நாமே எண்ண வேண்டும். ஐந்தாறு ஆசிரியர்களும் கோவில் கமிட்டியும் மனம் வைத்தால் முடியும்.

முதலில் வயது. 25 பூர்த்தியானவர்களை மட்டும் எடுங்கள். ஏ.எல். எழுதி கெம்பஸ் போகவே இங்கு 20, 21 ஆகிவிடுகிறது. 18 வயதிலிருந்து எண்ணினால், இன்னும் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் பட்டமில்லாதவர் பக்கம் விழுந்துவிடுவார்கள்.

அடுத்து, எதைப் பட்டம் என்பது. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் இளமாணி 5ஆம் மட்டம், சிறப்புப் பட்டம் 6, பட்டப்பின் டிப்ளோமா 8, முதுமாணி 9, 10, முதுதத்துவமாணி 11, கலாநிதி 12. உங்கள் படிவத்தில் இந்த எண்ணையே எழுதுங்கள். ஆசிரியர்கள் பலரிடம் கல்வியியல் பட்டப்பின் டிப்ளோமா இருக்கும். அதை முதுமாணியோடு சேர்க்காமல் தனி நிரலில் வையுங்கள். கல்வியியற் கல்லூரி டிப்ளோமா பட்டமல்ல. ஆனாலும் குறித்துக்கொள்ளுங்கள், அதுதான் பலருக்கு முதல் படி. வெளிவாரிப் பட்டமும் திறந்த பல்கலைக்கழகப் பட்டமும் முழுப் பட்டங்களே. அவற்றைக் குறைத்து எழுத யாருக்கும் உரிமையில்லை.

இனி வருவதுதான் முக்கியம்: எங்கே எண்ணுவது? 2012இல் ஒருவரை அவர் வழக்கமாக வசிக்கும் இடத்தில் பதிந்தார்கள். 20 ஏக்கருக்குக் குறையாத, பத்துத் தொழிலாளராவது குடியிருக்கும் தோட்டமே ‘பெருந்தோட்டத் துறை’. லயத்தில் பிறந்து, பட்டம் பெற்று, ருவன்வெல்லயில் வாடகைக்கு வீடெடுத்த பெண் ஆசிரியர் அன்றே தோட்டக் கணக்கிலிருந்து வெளியேறிவிடுகிறார். மறுபக்கம், கரவனெல்ல ஆதார வைத்தியசாலை விடுதியில் தங்கியிருக்கும் வைத்தியர்கள், வேறு ஊர்க்காரர்களானாலும், கரவனெல்லயின் எண்ணை உயர்த்துவார்கள். ஆகத் தோட்டத்து எண் சொல்வது யார் தங்கினார்கள் என்பதை மட்டுமே. யார் படித்தார்கள் என்பது அதில் வராது. இதை வைத்துக்கொண்டு ‘தோட்டத்துப் பிள்ளைகள் படிப்பதில்லை’ என்று பேசுவதை என்னால் ஏற்க முடியாது.

எனவே இரண்டு நிரல்: இங்கே குடியிருப்பவர், இங்கே வளர்ந்து வெளியேறியவர். வெளியேறியவர்களில் பட்டதாரிகளை மட்டும் எழுதினால் கணக்குக் கெட்டுவிடும். கொழும்பில் கடையில் நிற்கும் மகனும் மத்திய கிழக்குக்குப் போன மகளும் பட்டியலில் வர வேண்டும். ‘உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?’ என்று தொடங்கி ஒவ்வொருவராகக் கேளுங்கள். இல்லாவிட்டால் கட்டிக்கொடுத்த பெண்பிள்ளைகள் விடுபட்டுப்போவார்கள். தாயும் அண்ணனும் ஒரே ஆளைச் சொல்லக்கூடும்; பிறந்த ஆண்டை ஒப்பிட்டு ஒரு பதிவை நீக்குங்கள்.

ஓர் உதாரணக் கணக்கு. குடியிருப்போர் 300, அவர்களில் பட்டதாரிகள் 3: 1 வீதம். வெளியேறியோர் 100, அவர்களில் பட்டதாரிகள் 13. குடியிருப்போர் எல்லோரும் அங்கேயே வளர்ந்தவர்கள் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 400க்கு 16: 4 வீதம். ஒரே தோட்டம்தான். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியலில் போய்விடுவார்கள். பாலை நிறுத்துக் கொடுத்து, குளித்துச் சாப்பிட்ட பிறகு, பின்னேரம் போவதே மரியாதை. சான்றிதழைக் காட்டச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். எந்த நிறுவனம், எந்த ஆண்டு என்று கேட்டாலே போதும். இப்போது என்ன வேலை என்பதையும் எழுதுங்கள். பட்டத்துக்கும் வேலைக்கும் பொருத்தம் தெரியாமல் அது தொழிற்படைக் குறிகாட்டி ஆகாது. முடிவை ஊர்க் கூட்டத்தில் வாசித்தால், அந்தத் தாளில் பெயர்கள் வேண்டாம்.

பிறகு வயதால் பிரியுங்கள்: 25–39, 40–54, 55உம் அதற்கு மேலும். 1945இல் வந்த இலவசக் கல்வி தோட்டப் பாடசாலைகளுக்கு எட்டவில்லை. அவற்றை அரசு ஏற்கத் தொடங்கியதே 1970களில்தான். 1948இல் பறிபோன பிரசாவுரிமை முழுமையாகத் தீர 2003 வரை சென்றது. மூத்தவர்களின் வரிசை வெறுமையாக இருந்தால் காரணம் அதில் இருக்கிறது. மூன்று வயதுப் பிரிவினரையும் கலந்து ஒரே வீதமாக்கினால் இளையவர்களின் ஏற்றம் மறைந்துபோகும்.

கடைசி நிரலில் அவர் ஏ.எல். எழுதிய பாடசாலையையும் பாடப்பிரிவையும் எழுதுங்கள். தமிழில் விஞ்ஞானமும் கணிதமும் படிக்க எத்தனை பேர் வீட்டை விட்டு வெளியூரில் தங்க வேண்டியிருந்தது என்பது அதில் தெரிந்துவிடும். தெஹியோவிட்ட வலயக் கல்வி அலுவலகத்துக்கு எடுத்துப்போக வேண்டியது அந்த நிரலைத்தான்.