டீசல் பிக்கப் வாங்கப்போகும் தம்பி தங்கைகளுக்கு

டெக்சஸில் நம் இளைய குடும்பங்கள் சில டிரெய்லர் வாங்கி, விடுமுறைக்குக் கொலராடோ, யூட்டா என்று கிளம்பத் தொடங்கியிருக்கின்றன. சிலர் ஊருக்கு வெளியே நிலம் வாங்கி டிராக்டரை ஏற்றிக்கொண்டு போய்வருகிறார்கள். பார்க்கும் இடத்தில் எல்லாம் “அங்கிள், எந்த டிரக் வாங்கலாம்?” என்றுதான் கேட்கிறார்கள். எந்தக் கம்பெனி என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியதை எல்லாம் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் டிரெய்லரை முடிவு செய்யுங்கள், பிறகு வண்டிக்குப் போங்கள். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். டிரெய்லர் விற்பவர் சொல்லும் எடை காலி டிரெய்லரின் எடை. அதில் தண்ணீர் இல்லை, சமையல் கேஸ் இல்லை, உங்கள் அரிசி மூட்டையும் பிள்ளைகளின் சைக்கிளும் இல்லை. ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு. 60 கேலன் தொட்டி நிறைந்தால் அது மட்டுமே 500 பவுண்டு. டிரெய்லரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் அதிகபட்ச மொத்த எடை அச்சாகியிருக்கும். கணக்கை அந்த எண்ணிலிருந்து தொடங்குங்கள்.

2. விளம்பரப் புத்தகத்தை மூடிவிட்டு, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து பாருங்கள். கதவு மூடும் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பயணிகளும் சரக்கும் சேர்த்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அதுதான் பேலோட், அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கே உரிய எண். ஒரே மாடலில் சன்ரூஃபும் ஆடம்பர இருக்கைகளும் உள்ள வண்டிக்கு அந்த எண் குறைந்துவிடும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? முக்கால் டன் வகை என்று சொல்லப்படும் 2500, எஃப்-250 வண்டிகளில் டீசல் என்ஜின் மட்டுமே 500 கிலோவை நெருங்கும். ராம் 2500 வண்டிக்குச் சுமையோடு சேர்த்து அனுமதித்த மொத்த எடை 10,000 பவுண்டு. அதில் பெரும்பகுதியை வண்டியே தின்றுவிடுவதால் மிஞ்சும் பேலோட் சுமார் 2,000 பவுண்டுதான். விளம்பரத்திலோ 18,000 பவுண்டுக்கு மேல் இழுக்கும் என்று போட்டிருப்பார்கள். இரண்டும் உண்மை. ஆனால் உங்களைத் தடுத்து நிறுத்தப்போவது பேலோட்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்டிக்கரில் 2,100 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர் குடும்பத்துக்கு 600, டிரெய்லரை மாட்டும் ஹிட்சுக்கு 150, பின்தொட்டியில் கருவிப் பெட்டி, ஜெனரேட்டர் என்று இன்னொரு 150. மிச்சம் 1,200. டிரெய்லரின் முன்பக்கம் வண்டிமேல் அழுத்தும் எடை இந்த 1,200-க்குள் அடங்க வேண்டும். பின்பக்க ஹிட்சில் மாட்டும் டிரெய்லர் தன் எடையில் எட்டில் ஒரு பங்கை அழுத்தும் என்றால் 9,600 பவுண்டு வரை இழுக்கலாம். பின்தொட்டிக்குள் மாட்டும் ஃபிஃப்த் வீல் என்றால் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு, ஆகவே 6,000 பவுண்டோடு முடிந்தது. 14,000 பவுண்டு ஃபிஃப்த் வீல் வாங்கும் ஆசை இருந்தால் ஒரு டன் வகைக்குப் போய்விடுங்கள். 3500, எஃப்-350 டீசல்களில் ஒற்றைப் பின்சக்கரத்திலேயே 4,000 பவுண்டை ஒட்டிய பேலோட் கிடைக்கும். இரட்டைச் சக்கர வண்டிகளில் 5,000-க்கு மேலும் உண்டு.

3. முன்பாரம், பின்பாரம் தெரிந்துகொள்ளுங்கள். ஊரில் மாட்டுவண்டிக்கு மூட்டை அடுக்கியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பின்பாரமானால் நுகத்தடி மேலே தூக்கும், முன்பாரமானால் மாட்டின் கழுத்து நசுங்கும். டிரெய்லரும் அப்படித்தான். சாதாரண டிரெய்லரில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்சில் இறங்க வேண்டும். ஃபிஃப்த் வீலில் 15 முதல் 25. பத்துக்குக் கீழே போனால் நெடுஞ்சாலையில் பெரிய லாரி ஒன்று கடந்து போகும்போது டிரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கும். அப்போது வண்டி பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரை மெதுவாக விட்டு, கையால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் இலேசாகப் பிடித்தால் நேராகிவிடும். இதற்கான நெம்புகோல் டாஷ்போர்டில் எங்கே இருக்கிறது என்பது வாங்கிய அன்றே விரலுக்குத் தெரிய வேண்டும்.

4. டீசல் உண்மையிலேயே வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெட்ரோல் வண்டியைவிட ஏறத்தாழ 10,000 டாலர் கூடுதல். வருடத்துக்கு நாலு முறை, சமதளத்தில், 7,000 பவுண்டு டிரெய்லர் என்றால் ஃபோர்டின் 7.3 லிட்டர் பெட்ரோல் என்ஜினோ ஜிஎம்மின் 6.6 லிட்டர் பெட்ரோலோ தாராளமாகப் போதும். எடையும் குறைவு, பேலோடும் கூடும்.

இன்னொன்று. தினமும் ஐந்து மைல் ஆபீசுக்குப் போய்வர டீசல் பிக்கப் வாங்காதீர்கள். இன்றைய டீசலில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்ய, என்ஜின் நல்ல சூட்டில் நெடுஞ்சாலையில் ஓட வேண்டும். சூடேறுவதற்குள் நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் கரி அடைத்து, ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும். மாதம் சில முறையாவது பெரிய பாரம் இழுப்பவருக்கும் மலையேறுபவருக்கும் டீசல் தன் விலைக்கு நியாயம் செய்யும். உயரம் ஏற ஏறக் காற்று மெலிந்து, டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் பலம் இழக்கும். டர்போ டீசல் அந்த இழப்பை ஈடுகட்டிவிடும்.

5. மூன்று என்ஜின்கள் பற்றி. ராமில் 6.7 லிட்டர் கம்மின்ஸ், ஃபோர்டில் 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக், செவ்ரலே, ஜிஎம்சி இரண்டிலும் 6.6 லிட்டர் டியூராமேக்ஸ். கம்மின்ஸ் ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்பது, 1989 மாடலிலிருந்து டாட்ஜ் வண்டிகளில் வருவது. மற்ற இரண்டும் வி-8. அண்மை மாடல்களில் பவர் ஸ்ட்ரோக்கின் உயர்ந்த வகை 1,200 பவுண்டு-அடி டார்க், கம்மின்ஸின் உயர்ந்த வகை 1,075, டியூராமேக்ஸ் 975. இந்த எண்களை வைத்துச் சண்டை போடுபவர்கள் நிறைய. என் தீர்ப்பு இது: நம் தேவைக்கு மூன்றுமே அதிகம். வீட்டிலிருந்து அரைமணி தூரத்தில் நல்ல டீசல் மெக்கானிக் வைத்திருக்கும் டீலர் யாரோ, அவர் விற்கும் வண்டியை வாங்குங்கள்.

6. ஏறுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நீங்கள் இறங்குவதைப் பற்றிக் கேளுங்கள்.

ஏற்றத்துக்குப் பொதுவான ஒரு சோதனை இருக்கிறது. எஸ்ஏஇ ஜே2807 என்று பெயர். அரிசோனாவில் டேவிஸ் அணை அருகே தொடங்கும் 11.4 மைல் ஏற்றத்தில், 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில், ஏசி முழு வேகத்தில் ஓட, ஒற்றைச் சக்கர வண்டி 40 மைல் வேகத்துக்குக் கீழே இறங்காமல் முழுப் பாரத்தை இழுக்க வேண்டும். மூன்று கம்பெனிகளும் இன்று இதன்படிதான் இழுவை எண்ணைச் சொல்கின்றன. ஆகவே ஏற்றத்தில் வண்டி உங்களைக் கைவிடாது.

இறக்கம் வேறு. கொலராடோவில் ஐ-70 சாலையில் ஐசன்ஹவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கு மேல் இருக்கிறது. அங்கிருந்து டென்வர் நோக்கி இறங்கும்போது 12,000 பவுண்டு முதுகைத் தள்ளும். சும்மா பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறி, தீய்ந்த வாடை அடித்து, பிறகு மிதித்தாலும் பிடிக்காது. சாலையோரத்தில் பிரேக் போன லாரிகளுக்கென்று சரளை மேடு அமைத்திருப்பது அதனால்தான். டீசல் பிக்கப்பில் எக்ஸாஸ்ட் பிரேக் என்று ஒரு பொத்தான் உண்டு. புகை போகும் வழியை நெருக்கி என்ஜினையே தடையாக்குவது அது. பாரம் இழுப்பதற்கான டோ-ஹால் முறையையும் எக்ஸாஸ்ட் பிரேக்கையும் உச்சியிலேயே போட்டுவிடுங்கள். இறங்கத் தொடங்கிய பிறகு தேடக்கூடாது. நான் டீசலுக்கு வாக்களிப்பது இந்த ஒரு பொத்தானுக்காகத்தான்.

7. ஃபிஃப்த் வீல் இழுப்பதாக இருந்தால் 8 அடிப் பின்தொட்டி நல்லது. ஆறரை அடித் தொட்டியில், கூர்மையாகத் திருப்பும்போது டிரெய்லரின் மூக்கு வண்டிக் கண்ணாடியில் மோதக்கூடும். அதைத் தவிர்க்கப் பின்னுக்கு நகரும் ஹிட்ச் வாங்க வேண்டியிருக்கும்.

8. பழைய வண்டி வாங்குபவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். பார்க்கப் போவதற்கு முன் “என்ஜினை ஸ்டார்ட் செய்து வைக்காதீர்கள்” என்று விற்பவரிடம் சொல்லுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார் என்று சந்தேகப்படுங்கள். குளிர்ந்த என்ஜினைக் கிளப்பும்போதுதான் அதன் குறைகள் தெரியும். கூலன்ட் தொட்டியில் எண்ணெய்ப் படலம் இருக்கிறதா, வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா என்று பாருங்கள். பின்தொட்டி நடுவில் கூஸ்நெக் ஹிட்சுக்குத் துளை போட்டிருந்தால் நிறையப் பாரம் இழுத்த வண்டியாக இருக்கலாம். அதில் தப்பில்லை, விலையில் பேசுங்கள்.

2003 முதல் 2007 வரை வந்த ஃபோர்டு 6.0 லிட்டர் டீசல் ஹெட் கேஸ்கெட், ஈஜிஆர் கூலர் தொல்லைகளுக்குப் பெயர் போனது. அனுபவம் இல்லாதவர்கள் தொடவேண்டாம். 2011 மாடலிலிருந்து சில வண்டிகளில் வந்த சிபி4 என்ற உயரழுத்த எரிபொருள் பம்ப் உடைந்தால் இரும்புத்தூள் இன்ஜெக்டர் வரை போய் எல்லாவற்றையும் மாற்ற வைக்கும். 2019, 2020 ராம் டீசல்களை 2021-இல் இதற்காகத் திரும்ப அழைத்தார்கள். அந்த வேலை முடிந்ததா என்பதை வண்டி எண்ணைக் கொடுத்து டீலரிடம் கேளுங்கள்.

புகை வடிகட்டியைக் கழற்றி எறிந்த வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அப்படிக் கழற்றுவதை மத்தியச் சட்டம் தடை செய்கிறது. நம் பிள்ளைகள் மூச்சுவிடும் காற்றும் அதில் இருக்கிறது.

9. எரிபொருள் வாய் பக்கத்திலேயே நீல மூடி போட்ட இன்னொரு வாய் இருக்கும். அது டெஃப் எனும் யூரியாக் கரைசலுக்கு மட்டும். டெஃப்பைத் தவறுதலாக டீசல் தொட்டியில் ஊற்றிவிட்டால் சாவியைக்கூடத் திருப்பாதீர்கள். டோ வண்டியைக் கூப்பிடுங்கள். வீட்டில் வேறு யாராவது எரிபொருள் போடுவார்கள் என்றால் அவர்களுக்கு நேரில் காட்டிவிடுங்கள்.

10. டிரெய்லர் டயர்களில் வேறு வேகம் எழுதியிருக்காவிட்டால் 65 மைலுக்கு மேல் போகாதீர்கள். கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுப்பவருக்குச் சட்டமே 55 மைல்தான்.

11. உரிமம். டெக்சஸில் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த அனுமதி எடை 26,001 பவுண்டோ அதற்கு மேலோ இருந்து, டிரெய்லர் மட்டும் 10,000-ஐத் தாண்டினால், சொந்த உபயோகத்துக்கே என்றாலும் கிளாஸ் ஏ உரிமம் வேண்டும். வணிக உரிமம் அல்ல, ஆனால் ஓட்டித் தேற வேண்டும். பெரிய ஃபிஃப்த் வீல் வாங்குபவர்கள் இதை டீலர் சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம்.

12. எல்லாம் வாங்கி மாட்டியாயிற்றா? முதல் பயணத்துக்கு முன்னால், குடும்பத்தையும் சாமானையும் ஏற்றி, தண்ணீர் நிரப்பி, பக்கத்து டிரக் ஸ்டாப்பில் உள்ள கேட் ஸ்கேல் என்ற எடைமேடைக்குப் போங்கள். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு என்று மூன்றுக்கும் தனித்தனியாக எடை போட்டுச் சீட்டுத் தருவார்கள். சில டாலர் செலவு, சில நிமிட வேலை. அந்தச் சீட்டையும் கதவுத் தூணில் உள்ள எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூடியிருந்தால் எதை இறக்குவது என்று அங்கேயே முடிவு செய்யுங்கள். டிரெய்லரே பெரிதென்றால் வண்டியையோ டிரெய்லரையோ மாற்றும் வரை மலைப்பக்கம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். இதை மட்டும் உங்களிடம் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.