விபத்து நஷ்ட ஈடு: கையெழுத்திடுமுன் கணக்குப் பாருங்கள்

கிராமந்தோறும் நல்ல சாலைகள் வந்துவிட்டன. விளைபொருள் சந்தைக்குச் செல்லவும், பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லவும், நோயாளிகள் ஆஸ்பத்திரிக்குச் செல்லவும் அவை பேருதவி புரிகின்றன. ஆனால் அதே சாலையில் வயலுக்குப் புறப்பட்ட ஒருவர் லாரி மோதி மாண்டுவிட்டால், அக்குடும்பத்தின் வருவாய் ஒரே நாளில் நின்றுவிடுகிறது.

கருமாதி முடியுமுன்பே சில வீடுகளுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சார்பில் ஒருவர் வந்து சேர்கிறார். ஆறுதல் சொல்கிறார். பிறகு ஒரு தொகையைக் குறிப்பிட்டு, "இப்போதே ராஜியாகிவிட்டால் விரைவில் பணம் வரும், வழக்கென்று போனால் பல ஆண்டுகள் ஆகும்" என்கிறார். கடனும் துக்கமும் சூழ்ந்த குடும்பத்தார் அத்தொகையைப் பெரிதெனக் கருதிக் கையெழுத்திடுகின்றனர். அது தங்களுக்குரியதில் எத்தனை பங்கு என்பதை அவர்கள் அறிவதில்லை. அதை அறிந்துகொள்ளும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது தருமம் அன்று

சாலையில் ஓடும் மோட்டார் வாகனம் ஒவ்வொன்றும் பிறருக்கு நேரும் தீங்கிற்காக இன்ஷூர் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கான பிரிமியத்தைக் கம்பெனி முன்னரே வாங்கிக்கொண்டது. ஆகவே, அது தரும் நஷ்ட ஈடு கருணையால் தரும் பணம் அன்று; பட்ட கடனைத் தீர்ப்பதேயாகும். எனினும் கம்பெனி ஒரு வியாபார ஸ்தாபனம். கொடுப்பது குறைந்தால் அதற்கு லாபம். இதை மனத்தில் கொண்டே அது சொல்லும் முதல் தொகையைக் கேட்க வேண்டும்.

சட்டம் கூறுவது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டது. நஷ்ட ஈடு பற்றிய திருத்தங்கள் 1-4-2022 முதல் அமலில் உள்ளன. அவற்றின்படி, யார் மீது தவறு என்று நிரூபிக்காமலே மரணத்திற்கு 5 லட்சம் ரூபாயும், கொடுங்காயத்திற்கு 2½ லட்சம் ரூபாயும் பெறலாம். இது 164-ஆவது பிரிவு. வாகனம் ஓட்டியவரின் கவனக்குறைவை நிரூபித்து, 166-ஆவது பிரிவின் கீழ் நியாயமான முழு நஷ்ட ஈட்டையும் கோரலாம். இதற்கு உச்சவரம்பு இல்லை.

இங்கேதான் எச்சரிக்கை தேவை. விபத்துச் செய்தி கிடைத்தபின் கம்பெனியின் அதிகாரி 30 நாட்களுக்குள் தீர்ப்பாயத்தின் முன்னிலையில் ஒரு தொகையை முன்மொழியலாம் என்கிறது 149-ஆவது பிரிவு. அம்முறையில் 164-ஆவது பிரிவின் தொகையை ஏற்றுக்கொண்டவரின் நஷ்ட ஈட்டு மனு அத்துடன் காலாவதியாகிவிடும். 5 லட்சத்தை வாங்கிக்கொண்டு, மீதியைப் பிறகு கேட்போம் என்று எண்ணுவது வீண். அதே சமயம், அத்தொகையை மறுப்பதால் உரிமை போய்விடாது. மறுத்தால் தீர்ப்பாயம் விசாரணைக்கு நாள் குறிக்க வேண்டும் என்பதும் சட்டமே.

ஒரு கணக்கு

38 வயதுள்ள விவசாயத் தொழிலாளி ஒருவர் மாதம் 12,000 ரூபாய் ஈட்டியதாக வைத்துக்கொள்வோம். மனைவி, இரு குழந்தைகள், தாய் ஆகிய நால்வர் அவரை நம்பியிருந்தனர். உச்ச நீதிமன்றம் 2009-இலும் 2017-இலும் வகுத்த முறைப்படி கணக்கு வருமாறு:

1. ஆண்டு வருமானம் ரூ. 1,44,000.
2. சொந்தத் தொழில் அல்லது கூலி வேலை செய்பவர் 40 வயதுக்குட்பட்டவராயின், எதிர்கால உயர்வுக்காக 40 சதவிகிதம் சேர்க்க வேண்டும். அது ரூ. 57,600. கூட்டினால் ரூ. 2,01,600.
3. நம்பியிருந்தோர் 4 முதல் 6 பேராயின், இறந்தவரின் சொந்தச் செலவுக்கென நாலில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். மீதி ரூ. 1,51,200.
4. 36 முதல் 40 வயது வரை பெருக்கெண் 15. பெருக்கினால் ரூ. 22,68,000.

இவற்றோடு ஈமச் செலவு, சொத்து இழப்பு, குடும்பத்தார் ஒவ்வொருவரும் துணையையும் அரவணைப்பையும் இழந்ததற்கான தொகை ஆகியனவும் சேரும். ஐந்து லட்சம் எங்கே, இருபத்திரண்டு லட்சத்திற்கு மேற்பட்ட இத்தொகை எங்கே! வயது, வருமானம், குடும்பத்தின் அளவு ஆகியவற்றுக்கேற்ப விடை மாறுமே தவிர வழி மாறாது.

சொல்லும் காரணங்களும் அவற்றிற்கு விடையும்

"வருமானத்திற்குச் சான்று இல்லையே" என்பார்கள். கூலி வேலை செய்வோரிடம் சம்பளச் சீட்டு இராது என்பதை நீதிமன்றங்கள் அறியும். கூலித் தொழிலாளி ஒருவர் மாதம் 4,500 ரூபாய் ஈட்டியதாகக் கூறியதை, எழுத்துச் சான்று இல்லாதபோதும் 2011-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வீட்டுவேலை மட்டுமே செய்த பெண்ணின் உழைப்புக்கும் வருமானம் கணக்கிட வேண்டும் என்று 2021-இல் அது வலியுறுத்தியது.

"வழக்கு நீளும்" என்பார்கள். நீளலாம், ஆயினும் மனுச் செய்த நாளிலிருந்து வட்டி அளிக்கத் தீர்ப்பாயத்திற்கு அதிகாரம் உண்டு. விபத்து நடந்த ஊருக்கே அலைய வேண்டும் என்பதுமில்லை. மனுதாரர் வசிக்கும் இடத்திற்குரிய தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம்.

காயமடைந்தவரிடம், "எலும்பு கூடிவிட்டது, முடித்துக்கொள்வோம்" என்பார்கள். சிகிச்சை முற்றுப்பெற்று, ஊனம் எவ்வளவு என்று டாக்டர்கள் கூறுமுன் ராஜியாவது தகாது. சான்றிதழில் உள்ள சதவிகிதமும் முடிவானது அன்று. இடக்கையை இழந்தவருக்கு உடல் ஊனம் 60 சதவிகிதமாக இருக்கலாம். அவர் டிரைவராகவோ தச்சராகவோ இருப்பின், வருவாய் இழப்பு ஏறக்குறைய முழுமையானதே என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. மண்வெட்டி பிடிப்பவரின் கையும் அத்தகையதே அன்றோ?

ராஜி எப்போது நல்லது?

ராஜி எல்லாம் தீது என்பதில்லை. மேற்கூறிய கணக்கை ஒட்டிய தொகை விரைவில் கிடைக்குமாயின், ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதைவிட அதுவே மேல். மக்கள் நீதிமன்றத்தில் பல வழக்குகள் இவ்வாறே முடிகின்றன. ஆனால் அங்கு வழங்கப்படும் தீர்வின் மீது அப்பீல் இல்லை. ஆதலின் கணக்குப் பார்ப்பது அதற்கு முன்பே நடக்க வேண்டும். எழுதாத காகிதத்திலும், படித்துக் காட்டப்படாத காகிதத்திலும் ஒருபோதும் கையெழுத்திடவோ கைநாட்டு வைக்கவோ கூடாது.

பஞ்சாயத்து அங்கத்தினர் செய்யத்தக்கவை

விபத்து நேர்ந்ததும் போலீசில் புகார் பதிவாயிற்றா என்று பாருங்கள். 48 மணி நேரத்திற்குள் போலீசார் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்திற்கும் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும் என்பது விதி. முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை அல்லது காயச் சான்று, மருந்துச் சீட்டுகள், வயதுச் சான்று, வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றைச் சேகரிக்க உதவுங்கள். இறந்தவர் செய்த வேலையையும் பெற்ற கூலியையும் நேரில் அறிந்தவர்கள் சாட்சி சொல்ல முன்வர வேண்டும். ஏழைக் குடும்பத்திற்கு அதைவிடச் சிறந்த உதவி வேறில்லை.

மனுவை ஆறு மாதத்திற்குள் தாக்கல் செய்யுங்கள். இக்காலவரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டுள்ளது எனினும், அதை நம்பித் தாமதிப்பது அறிவுடைமை ஆகாது. வக்கீல் வைக்க வசதியற்றோர் வட்டச் சட்டப் பணிகள் குழுவை நாடலாம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. மோதிய வாகனம் இன்னதென்று தெரியாவிடினும் மனம் தளர வேண்டாம்; அத்தகைய மரணத்திற்கு 2 லட்சமும், கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாயும் அரசுத் திட்டத்தின்கீழ் கிடைக்கும். அதற்குத் தாசில்தார் அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

நிலத்தை விற்பவர் அளந்து பார்க்காமல் பத்திரத்தில் கையெழுத்திடுவதில்லை. குடும்பத்தின் உழைப்பாளியை இழந்தவர்களும் கணக்குப் பார்க்காமல் கையெழுத்திடலாகாது. துக்கத்தில் இருப்பவர்களுக்குக் கணக்குப் பார்க்கும் தெம்பு இராது. அவர்களுக்காக அதைப் பார்த்துச் சொல்வது ஊராரின் கடமை.